சின்ன நாடுகளில் கிரிக்கெட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பந்துவீச்சு சொல்லிக்கொடுக்கிற ஆள் நான். பயிற்சி முடிந்து, ஆடத் தரையில் விரித்த மேட்டைச் சுருட்டும் நேரத்தில் பேச்சு எங்கெங்கோ போகும். நேபாளம் எப்படி இவ்வளவு நன்றாக ஆடுகிறது, அமெரிக்கா பாகிஸ்தானை எப்படி ஜெயித்தது, மங்கோலியாவிலும் கிரிக்கெட்டா என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூட்டிப்போக வரும் அப்பாக்களும் நின்று கேட்பார்கள். ஓசூர் சிப்காட்டில் வேலை பார்த்துவிட்டு வெளிநாடு கிளம்பும் பையன்கள் வாட்ஸாப்பில் கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்வதை விட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கிரிக்கெட் தெரிந்தவர்களுக்காக எழுதியது, எல்.பி.டபிள்யூ. என்றால் என்ன என்பதெல்லாம் இதில் இருக்காது.

அசோசியேட் நாடு என்கிறார்களே, அது என்ன?

உலகக் கிரிக்கெட்டை நடத்தும் ஐ.சி.சி.யில் இரண்டு வகை உறுப்பினர்கள் இருக்கிறார்கள். டெஸ்ட் ஆடும் 12 முழு உறுப்பினர்கள் ஒரு வகை. கடைசியாக 2017இல் ஆப்கானிஸ்தானும் அயர்லாந்தும் அதில் சேர்ந்தன. மற்ற எல்லா நாடுகளும், தொண்ணூறுக்கு மேல், அசோசியேட். நெதர்லாந்து, ஸ்காட்லாந்து, நேபாளம், நமீபியா போன்ற நல்ல அணிகளும் இதில்தான். நேற்று பேட் பிடித்த நாடுகளும் இதில்தான். 2017 வரை இதற்கும் கீழே அஃபிலியேட் என்று ஒரு வகுப்பு இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள்.

1909இல் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து ஐ.சி.சி.யைத் தொடங்கியபோது அமைப்பின் பெயரிலேயே ‘இம்பீரியல்’ என்ற சொல் இருந்தது. பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இடமில்லை. 1965இல்தான் கதவைத் திறந்து அசோசியேட் என்ற இடத்தை உண்டாக்கினார்கள். முதலில் உள்ளே வந்தவை இலங்கை, ஃபிஜி, அமெரிக்கா.

ஆமாம், இலங்கையும் ஒரு காலத்தில் அசோசியேட்தான். அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தொடர்ந்து நல்ல ஆட்டம் கொடுத்தவர்களில் நம் மாநிலமும் உண்டு. 1950களில் தொடங்கி மெட்ராஸ் அணியும் சிலோன் அணியும் கோபாலன் கோப்பைக்காக ஆடிவந்தன. இந்தியாவுக்காக ஹாக்கி, கிரிக்கெட் இரண்டும் ஆடிய எம்.ஜே. கோபாலன் பெயரில் வைத்த கோப்பை அது. 1979 உலகக் கோப்பையில் அசோசியேட்டாக வந்த இலங்கை இந்தியாவையே தோற்கடித்தது. 1981இல் முழு உறுப்பினர், 1996இல் உலக சாம்பியன். பக்கத்து வீட்டில் தொடர்ந்து ஆட ஆள் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் பார்த்தால் தெரியும்.

இந்த நாடுகளுக்கெல்லாம் கிரிக்கெட் புதுசா?

சிலவற்றுக்குப் புதுசு. ஆனால் உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் 1844இல் நியூயார்க்கில் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்தது. கனடா 23 ரன்னில் ஜெயித்தது. இங்கிலாந்தும் ஆஸ்திரேலியாவும் முதல் டெஸ்ட் ஆடியதே அதற்கு 33 வருஷம் கழித்து.

ஃபிலடெல்ஃபியாவில் பார்ட் கிங் என்று ஒரு வேகப்பந்து வீச்சாளர் இருந்தார். 1908இல் இங்கிலாந்து போய், அந்த சீசனில் அங்கே பந்துவீச்சு சராசரியில் முதலிடம் பிடித்துவிட்டு வந்தார். மறு வருஷம்தான் மேலே சொன்ன சாம்ராஜ்ய சங்கம் உருவானது. இவ்வளவு நன்றாக ஆடிய ஊர் அதற்கு வெளியே நின்றது. பேஸ்பால் அதற்கு முன்பே கூட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தது, அதனால் பழியை முழுதாகச் சங்கத்தின் மேல் போட முடியாது. கதவு திறந்திருந்தால் அமெரிக்கக் கிரிக்கெட் இப்படி 100 வருஷம் தூங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

7 ரன்னுக்கு ஆல் அவுட் ஆகும் அணிக்கெல்லாம் சர்வதேச அந்தஸ்து எதற்கு? கேலியாக இல்லையா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

நடந்தது இது: 2018இல் ஐ.சி.சி. தன் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் டி20 சர்வதேச அந்தஸ்து தருவதாக அறிவித்தது. பெண்களுக்கு 2018 ஜூலையிலிருந்து, ஆண்களுக்கு 2019 ஜனவரியிலிருந்து. அதன்பிறகு விநோதமான ஸ்கோர்கள் வரத் தொடங்கின. 2023இல் ஐல் ஆஃப் மேன் அணி ஸ்பெயினிடம் 10 ரன்னுக்குச் சுருண்டது. ஸ்பெயின் இரண்டே பந்தில் வேலையை முடித்தது. 2024 நவம்பரில் லாகோஸில் நைஜீரியா 271 அடிக்க, ஐவரி கோஸ்ட் 7 ரன்னில் முடிந்தது. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நேபாளம் மங்கோலியாவுக்கு எதிராக 20 ஓவரில் 314 அடித்தது. தீபேந்திர சிங் ஐரி 9 பந்தில் அரைசதம் போட்டார். யுவராஜ் சிங்கின் 12 பந்து சாதனை போய்விட்டதே என்று நம் பையன்களுக்கு இன்றும் வருத்தம்.

சரி, நம் கதையைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். இந்தியா முதல் டெஸ்ட் ஆடியது 1932இல். முதல் டெஸ்ட் வெற்றி 1952இல், நம் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. இருபது வருஷம்! நியூசிலாந்துக்கு 26 வருஷம் ஆனது. அவர்கள் 1955இல் எடுத்த 26 ரன்தான் டெஸ்டில் இன்றுவரை மிகக் குறைந்த ஸ்கோர். 1974இல் லார்ட்ஸில் நாம் 42, 2020இல் அடிலெய்டில் 36. அந்தஸ்தைப் பறிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தஸ்து என்பது வெறும் பெருமையும் இல்லை. மங்கோலியாவிலோ கேமரூனிலோ ஒரு சங்கத்தார் அரசு அலுவலகத்துக்குப் போய் ‘எங்களுக்கு ஓர் இடம் கொடுங்கள்’ என்று கேட்கும்போது, கையில் உலகத் தரவரிசையில் தங்கள் நாட்டின் பெயர் இருக்கிற தாள் ஒன்று வேண்டும். விளம்பரதாரர் கேட்பதும் அதைத்தான்.

ஆனாலும் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 260 ரன் வித்தியாசத்தில் முடியும் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் ஒன்றும் கற்றுக்கொள்வதில்லை. சமமான ஆட்களோடு ஆடினால்தான் வளர்ச்சி. 2007 முதல் 2019 வரை ஐ.சி.சி. நடத்திய உலக கிரிக்கெட் லீக் அந்த வகையில் நல்ல ஏற்பாடு: டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து, ஜெயித்தால் மேலே, தோற்றால் கீழே. ஆப்கானிஸ்தானும் நேபாளமும் ஐந்தாம் டிவிஷனிலிருந்து அப்படித்தான் ஏறி வந்தன.

பெரிய அணிகளை இவர்கள் ஜெயிப்பது அதிர்ஷ்டம்தானே?

ஒரு தடவை என்றால் அதிர்ஷ்டம் எனலாம். 1983இல் டன்பிரிட்ஜ் வெல்ஸில் இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து நின்றதும், கபில் தேவ் 175 அடித்துக் காப்பாற்றியதும் எல்லோருக்கும் மனப்பாடம். எதிரே பந்து வீசிய ஜிம்பாப்வே அப்போது அசோசியேட் நாடு என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. அதே உலகக் கோப்பையில் அவர்கள் ஆஸ்திரேலியாவை ஏற்கனவே தோற்கடித்திருந்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று நடந்தது. ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் போனால் பெங்களூரு. 2011 மார்ச் 2 அன்று சின்னசாமி மைதானத்தில் இங்கிலாந்து 327 அடித்தது. அயர்லாந்து 111க்கு 5. கெவின் ஓ’பிரையன் 50 பந்தில் சதம் போட்டார், அயர்லாந்து ஐந்து பந்து மிச்சம் வைத்து ஜெயித்தது. நெதர்லாந்து 2009இல் லார்ட்ஸில் இங்கிலாந்தையும், 2022இல் அடிலெய்டிலும் 2023இல் தர்மசாலாவிலும் தென்னாப்பிரிக்காவையும் சாய்த்தது. 2022இல் நமீபியா இலங்கையை 55 ரன்னில் வென்றது. 2025 அக்டோபரில் விண்ட்ஹூக்கில் புது மைதானத்தைத் திறந்த அன்றே கடைசிப் பந்தில் தென்னாப்பிரிக்காவையும் வென்றது.

நமீபியாவின் மொத்த மக்கள்தொகை சுமார் 30 லட்சம். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களையும் கூட்டினால் 2011 கணக்குப்படியே 34 லட்சத்துக்குப் பக்கம். இதைச் சொன்னால் பிள்ளைகள் வாயடைத்துப் போவார்கள். பெற்றோர் உடனே ‘அப்ப நம்ம மாவட்டத்துல ஏன் இல்ல?’ என்பார்கள். அதற்குக் கீழே வருகிறேன்.

அப்படி என்றால் கென்யாவுக்கு என்ன ஆனது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

1996 உலகக் கோப்பையில் புனேயில் கென்யா மேற்கிந்தியத் தீவுகளை 93 ரன்னுக்குச் சுருட்டியது. 2003 உலகக் கோப்பையில் அரையிறுதிக்கே வந்தது. பாதுகாப்புக் காரணம் சொல்லி நியூசிலாந்து நைரோபிக்கு வராமல் போனதும் உதவியது, உண்மைதான். ஆனால் நைரோபியில் காலின்ஸ் ஒபுயா 5 விக்கெட் எடுத்து இலங்கையை வீழ்த்தியது யாரும் விட்டுக்கொடுத்த ஆட்டம் இல்லை. வங்கதேசத்தையும் ஜிம்பாப்வேயையும் கூட வென்றார்கள். பயிற்சியாளர் நம் சந்தீப் பாட்டீல். டர்பனில் கங்குலி சதம் அடித்து அவர்களை நிறுத்தினார். அன்று ‘அடுத்த டெஸ்ட் நாடு கென்யா’ என்று எல்லோரும் எழுதினார்கள்.

2014இல் கென்யா ஒருநாள் அந்தஸ்தையே இழந்தது.

சங்கத்துக்கும் வீரர்களுக்கும் சம்பளச் சண்டை. ஒரு முன்னணி வீரருக்குச் சூதாட்டத் தரகர் தொடர்புக்காக 2004இல் ஐந்து வருஷத் தடை. இதெல்லாம் வெளியே தெரிந்தது. உள்ளே இருந்த ஓட்டை வேறு: கிரிக்கெட் நைரோபியின் சில கிளப்புகளையும் சில குடும்பங்களையும் தாண்டி வெளியே போகவில்லை. 2003 அணித்தலைவர் ஸ்டீவ் டிக்கோலோவின் தலைமுறைக்கு வயதானதும் பின்னால் வரிசையில் ஆள் இல்லை.

அயர்லாந்து வேறு மாதிரி செய்தது. பெங்களூரு வெற்றிக்கு இரண்டு வருஷத்தில், 2013இல், மாகாண அணிகளுக்கிடையே ஒழுங்கான உள்நாட்டுப் போட்டியைத் தொடங்கினார்கள். 2017இல் டெஸ்ட் நாடு ஆனார்கள். ஒரு நாட்டில் கிரிக்கெட் வளர்கிறதா என்று யாராவது என்னிடம் கேட்டால், அவர்கள் யாரை ஜெயித்தார்கள் என்று பார்க்க மாட்டேன். அந்த நாட்டின் 13 வயதுப் பிள்ளைக்கு வருஷத்தில் எத்தனை ஆட்டம் கிடைக்கிறது என்று கேட்பேன். நம் மாவட்டத்துக்கும் என் கேள்வி இதேதான்.

ஆப்கானிஸ்தான் மட்டும் எப்படி இவ்வளவு சீக்கிரம்?

பெஷாவர் பக்கத்து அகதி முகாம்களில் பிறந்த ஆட்டம் அது. போருக்குத் தப்பி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பாகிஸ்தான் பையன்களைப் பார்த்து ஆடக் கற்றார்கள். 1995இல் சங்கம், 2001இல் ஐ.சி.சி. உறுப்பினர், 2008இல் ஜெர்சி தீவில் ஐந்தாம் டிவிஷன், 2010இல் டி20 உலகக் கோப்பை. 2018 ஜூனில் முதல் டெஸ்ட், அதுவும் பெங்களூருவில் நம்மோடு. இரண்டே நாளில் இன்னிங்ஸ் தோல்வி. ஆனால் 2023இல் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை வென்றார்கள், 2024 டி20 உலகக் கோப்பையில் நியூசிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் சாய்த்து அரையிறுதி போனார்கள். சொந்த நாட்டில் ஆட முடியாததால் நொய்டா, டேராடூன், லக்னோ என்று நம் ஊர்களையே சொந்த மைதானமாக வைத்துக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் பாதி மனிதர்களுக்கு இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020இல் 25 பெண்களுக்கு ஒப்பந்தம் அறிவித்தார்கள். 2021இல் தாலிபான் வந்ததும் அந்தப் பெண்களில் பெரும்பாலானோர் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்தார்கள். 2025 ஜனவரியில் மெல்போர்னில் ஒரு காட்சி ஆட்டம் ஆடினார்கள். முழு உறுப்பு நாட்டுக்குப் பெண்கள் அணி இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. ஆப்கானிஸ்தானுக்கு அது அமலாகவில்லை. ஐ.சி.சி. இதில் நடந்துகொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நேபாளத்தில் மரத்தின் மேல் உட்கார்ந்து பார்க்கிறார்களே, நிஜமா?

நிஜம். கீர்த்திபூரில் திரிபுவன் பல்கலைக்கழக மைதானம். கேலரி போதாது, சரிவான மண்மேட்டிலும் மரத்திலும் மக்கள் உட்கார்ந்திருப்பார்கள். அசோசியேட் நாடுகளில் சொந்த மக்களே இப்படித் திரண்டு வந்து பார்க்கும் இடம் வேறு இல்லை என்பேன்.

2023 பிப்ரவரியில், உலகக் கோப்பைத் தகுதிக்கான ஒரு படியான லீக் இரண்டு என்ற ஒருநாள் போட்டியில் நேபாளம் அடிமட்டத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. மாண்டி தேசாய் பயிற்சியாளராக வந்தார். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 11 ஜெயித்து, மார்ச் நடுவில் கீர்த்திபூரில் வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஐக்கிய அரபு அமீரகத்தை 9 ரன்னில் வென்று தப்பித்தார்கள். 2024 டி20 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் ஒரே ரன்னில் தோல்வி. 2025 செப்டம்பரில் ஷார்ஜாவில் மேற்கிந்தியத் தீவுகளை 2-1 என்று தொடரிலேயே வென்றார்கள்.

அமெரிக்கா அணி என்பது நம் ஊர் ஐ.டி. பசங்கதானே? அதை எப்படி அந்த நாட்டு கிரிக்கெட் என்று சொல்வது?

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லை குடியுரிமை வேண்டும், இல்லை மூன்று வருஷம் அங்கே வசித்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2024 ஜூன் 6 அன்று டல்லாஸ் பக்கத்தில் பாகிஸ்தானும் அமெரிக்காவும் 159இல் சமன் ஆயின. சூப்பர் ஓவர் வீசியவர் சவுரப் நேத்ரவால்கர். மும்பைக்காரர், 2010இல் இந்திய 19 வயதுக்குட்பட்டோர் அணியில் ஆடியவர், ஆரக்கிளில் மென்பொருள் பொறியாளர். அதே ஆட்டத்தில் 3 விக்கெட் எடுத்த நாஸ்துஷ் கென்ஜிகே அமெரிக்காவில் பிறந்து கர்நாடகத்தில் வளர்ந்தவர். நம் சென்னையில் பிறந்த கார்த்திக் மெய்யப்பன் அமீரக அணிக்காக 2022 டி20 உலகக் கோப்பையில் இலங்கைக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். தமிழ்ப் பெயர் ஸ்கோர்போர்டில் வந்த அன்று எங்கள் வாட்ஸாப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

வந்தவர்களால் ஆட்டம் தொடங்குவதில் தப்பில்லை. எல்லா நாட்டிலும் யாரோ கொண்டுவந்ததுதான், நமக்கும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான். வந்தவர்களோடே அது நின்றுவிட்டால்தான் கவலை. இத்தாலியைப் பாருங்கள். 2025 ஜூலையில் நெதர்லாந்தோடு சேர்ந்து 2026 டி20 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே இத்தாலியில் கப்பல் கட்டும் ஊரான மொன்ஃபால்கோனேவில் வங்கதேசத் தொழிலாளிகளும் அவர்கள் பிள்ளைகளும் பொது இடத்தில் கிரிக்கெட் ஆடினால் அபராதம். உலகக் கோப்பை போகும் நாட்டில் பிள்ளைகள் ஊருக்கு வெளியே ஒளிந்து ஆட வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் வேறு தொல்லை. பாகிஸ்தானை ஜெயித்த அடுத்த வருஷமே, 2025 செப்டம்பரில், நிர்வாகக் கோளாறுக்காக ஐ.சி.சி. அந்தச் சங்கத்தை இடைநீக்கம் செய்தது. கென்யா பதிலை இன்னொரு தடவை படிக்கலாம்.

பெண்கள் கிரிக்கெட்டில் சின்ன நாடுகள் எப்படி?

ஆண்களை விட நன்றாகவே செய்கிறார்கள் என்பேன். பெரிய நாடுகளே பெண்கள் ஆட்டத்தில் தாமதமாகத்தான் பணம் போட்டன, அதனால் இடைவெளி குறைவு.

தாய்லாந்து எனக்கு மிகவும் பிடித்த அணி. பலர் சாஃப்ட்பால் ஆடிக்கொண்டிருந்தவர்கள். 2018க்கும் 2019க்கும் இடையில் தொடர்ந்து 17 டி20 ஆட்டங்கள் ஜெயித்து ஆஸ்திரேலியாவின் அன்றைய சாதனையை முறியடித்தார்கள். 2020இல் உலகக் கோப்பை ஆடினார்கள். சிட்னியில் பாகிஸ்தானுக்கு எதிராக 150 அடித்தார்கள், மழை வந்து கெடுத்தது. 2021இல் ஜிம்பாப்வேயில் நடந்த ஒருநாள் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று கொரோனாவால் பாதியில் நின்றது. தரவரிசையை வைத்து முடிவு செய்தார்கள். தாய்லாந்துக்கு ஒருநாள் அந்தஸ்தே இல்லாததால் தரவரிசையில் பெயரே இல்லை. நன்றாக ஆடியும் வீட்டுக்குப் போனார்கள். மறு வருஷம் ஆசியக் கோப்பையில் சில்ஹெட்டில் அதே பாகிஸ்தானை வென்று அரையிறுதி போனார்கள்.

ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு உகாண்டா, கென்யாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் ஆட்டத்தைக் கொண்டுவந்தார்கள். மைதானம் கட்டப் பணம் திரட்ட 2016இல் அணித்தலைவர் எரிக் டுசிங்கிசிமானா பயிற்சி வலைக்குள் 51 மணி நேரம் பேட் செய்தார். 2017இல் கிகாலியில் கஹாங்கா மைதானம் திறந்தது. 2023இல் அவர்களின் 19 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் ஜிம்பாப்வேயையும் மேற்கிந்தியத் தீவுகளையும் வென்றார்கள். பிரேசில் 2020இல் ஆண்களுக்கு முன் பெண்களுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தது.

நம் பள்ளிகளில் எறிபந்தும் கோ-கோவும் ஆடும் பெண் பிள்ளைகளின் கையையும் காலையும் பார்க்கும்போது எனக்குத் தாய்லாந்துதான் ஞாபகம் வரும். கிரிக்கெட் ஆட வருகிறாயா என்று கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே.

பணம் எங்கிருந்து வருகிறது?

ஐ.சி.சி.யிலிருந்து. அதாவது பெரும்பாலும் இந்தியாவில் டி.வி. பார்க்கும் நம்மிடமிருந்து. 2023இல் முடிவான பங்கீட்டில், 2024 முதல் 2027 வரை வரும் வருமானத்தில் இந்தியாவுக்கு மட்டும் சுமார் 38.5 சதவீதம் என்று செய்தி வந்தது. தொண்ணூற்றுச் சொச்ச அசோசியேட் நாடுகளுக்கு எல்லாம் சேர்த்து 11 சதவீதம் சொச்சம். இந்தியா சம்பாதித்துக் கொடுக்கிறது, அதனால் எடுக்கிறது என்பது ஒரு வாதம். என் வாதம்: ஆடுவதற்கு ஆட்கள் இல்லாத ஆட்டத்தில் எவ்வளவு சம்பாதித்து என்ன?

உலகக் கோப்பையில் இடம் கொடுப்பதிலும் இதே கணக்குதான். 2007இல் 16 அணி. முதல் சுற்றிலேயே இந்தியாவும் பாகிஸ்தானும் வெளியே போனதும் டி.வி.காரர்களுக்கு அடி. 2011, 2015இல் 14 அணி, 2019, 2023இல் வெறும் 10. 2027இல் மறுபடி 14 ஆகிறது. டி20யில் மட்டும் 2024 முதல் 20 அணி.

நல்ல பிட்ச் இல்லாமல் எப்படி ஆடுகிறார்கள்?

மேட் மேல். நெதர்லாந்தில் பெரும்பாலான கிளப்புகளின் ஆட்டம் இன்றும் செயற்கை விரிப்பில்தான். மைதானத்தை ஹாக்கி, கால்பந்துக்காரர்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டியிருப்பதால் புல் பிட்ச் வளர்த்துக் காப்பது பெரும் செலவு. பப்புவா நியூ கினியின் ஹனுவாபாடா கிராமத்தில், கடல்மேல் கால்நட்டுக் கட்டிய வீடுகளுக்கு நடுவே தெருவில் ஆடியே பிள்ளைகள் தேசிய அணிக்குப் போயிருக்கிறார்கள். ஜப்பானில் சானோ என்ற ஊர் தன்னைக் கிரிக்கெட் நகரம் என்றே சொல்லிக்கொண்டு மைதானம் அமைத்தது. அந்த நாட்டுப் பையன்கள் 2020 இளையோர் உலகக் கோப்பையில் இந்தியாவிடம் 41 ரன்னில் முடிந்தார்கள். ஆனால் அந்த உலகக் கோப்பைக்கு வந்தார்கள், அதுதான் செய்தி.

இப்போது பெற்றோரின் கேள்வி. நம் பக்கம் கிரிக்கெட் ஆடாத பையன் இல்லை. ஏரி வற்றினால் அடுத்த வாரம் அங்கே ஸ்டம்ப் நிற்கும். பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் இல்லாத ஊர் குறைவு. ஆனால் ஸ்டிச் பாலில், அதாவது தோல் பந்தில், ஆட மேட் போட்ட இடத்தைத் தேடித்தான் போக வேண்டும், அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளை அதற்கு பஸ் ஏற வேண்டும். டென்னிஸ் பாலைக் குறைத்துச் சொல்லவில்லை. பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டி. நடராஜன் அந்தப் பந்தில்தான் யார்க்கர் பழகினார். அவர் மேலே போக, நடுவில் ஒருவர் கண்டெடுத்துச் சென்னை கிளப்புக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஒன்றியத்துக்கு ஒரு சிமெண்ட் தளம், அதன் மேல் ஒரு மேட், மாதம் இரண்டு ஆட்டம். பெரிய ஸ்டேடியம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒலிம்பிக்கில் சேர்த்ததால் என்ன மாறும்?

1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரிட்டனும் பிரான்ஸும் ஒரே ஒரு ஆட்டம் ஆடின. பிரான்ஸ் அணியில் இருந்ததும் பெரும்பாலும் அங்கே வசித்த ஆங்கிலேயர்கள். அதன்பின் 2028 லாஸ் ஏஞ்சலஸ்தான். டி20, ஆண்கள் ஆறு அணி, பெண்கள் ஆறு அணி. ஆறில் எந்தச் சின்ன நாடு போகும் என்று கேட்டால் பெரிதாக ஒன்றுமில்லை. பல நாடுகளில் ஒலிம்பிக் விளையாட்டு என்றால்தான் அரசு பணமும் பள்ளியில் இடமும் கொடுக்கும், அங்கே கதவு திறக்கும். ஆறு என்பது கஞ்சத்தனம்.

வேலைக்கு ஜெர்மனி போகிறேன். பேட் எடுத்துப் போகலாமா?

தாராளமாக. 2015க்குப் பிறகு ஆப்கான் அகதிகள் வந்ததிலிருந்து அங்கே கிளப்புகள் பெருகியிருக்கின்றன. நம் மாணவர்களும் ஐ.டி. ஆட்களும் நிறைய. விமான எடையில் ஹெல்மெட்டும் பேடும் இடத்தை அடைக்கும், அதனால் பேட், கிளவுஸ், உங்கள் அளவு ஷூ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதைக் கிளப்பில் கேட்டுப் பார்க்கலாம். புல் பிட்சை எதிர்பார்க்காதீர்கள். செயற்கை விரிப்பில் பந்து எழும், ஸ்பைக் ஷூ அங்கே சரிப்படாது, ரப்பர் அடி வாங்குங்கள். மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவார்கள்.

அப்புறம் தம்பி, போன இடத்தில் நம் ஆட்களாக மட்டும் சேர்ந்து ஆடிவிட்டு பிரியாணியோடு கலைந்துவிடாதீர்கள். வேடிக்கை பார்க்க நிற்கும் அந்த ஊர்ப் பிள்ளையின் கையில் பந்தைக் கொடுங்கள். முதல் ஓவரில் எட்டு வைட் போடுவான், போடட்டும்.

இந்த ஆட்டங்களை எங்கே பார்ப்பது?

ஐ.சி.சி.யின் சொந்த இணைய ஒளிபரப்பில் தகுதிச் சுற்றுகள் பலவற்றைக் காட்டுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், கீர்த்திபூரில் நேபாளம் ஆடும் ஏதாவது ஒரு நாளைச் சொல்வேன். வர்ணனையை விடக் கூட்டத்தின் சத்தம்தான் கேட்கும், போனில் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.